புகையிரதப் பணியிற் பெண்கள்: கதையும் வாழ்வும்

புகையிரதம் இடம்பெறும் கதைகளிற் பெண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட இடம் பிரயாணியின் இடமே. தோல்ஸ்தோயின் அன்னா கரேனினா புகையிரத நிலையத்திலே கதைக்குள் வருகிறாள். தண்டவாளத்திலே கதையை விட்டுப் போகிறாள். அவளைச் சுமந்து சென்ற வண்டியை ஓட்டியவர் யார், கைகாட்டியைத் தாழ்த்தியவர் யார், பெட்டியைக் கூட்டித் துடைத்தவர் யார் என்று வாசகர் கேட்பதில்லை. கேட்பாரேல், பெட்டியைத் துடைத்தவர் பெண்ணாக இருந்திருக்கலாம் என்பதும், வண்டியை ஓட்டியவர் பெண்ணாக இருந்திருக்கவே முடியாது என்பதும் விடையாகும். புகையிரதம் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டே பெண்கள் அதன் பணியில் இருந்து வந்திருக்கின்றனர். அவர்களுக்கு எப்பணிகள் திறந்திருந்தன, எவை அடைத்திருந்தன, எக்காரணங் கூறி அடைக்கப்பட்டன, அவர்களுள் யாரைக் கதையாசிரியர் கண்டனர், யாரைக் காணாது விட்டனர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே பெண்களுக்குக் கிடைத்த பணிகளுட் பெரும்பாலானவை வீட்டு வேலையின் நீட்சியே. பெட்டிகளைத் துப்புரவு செய்தல், இருக்கை உறைகளைத் தைத்தல், பெண்கள் தங்கும் அறையைப் பராமரித்தல், சிற்றுண்டிச்சாலையில் நின்று தேநீர் ஊற்றுதல் என்பன அவை. பணியின்போது விபத்தில் இறந்த தொழிலாளியின் விதவைக்கு இவற்றுள் ஒன்றைக் கொடுப்பது இங்கிலாந்துக் கம்பனிகளிடையே வழக்கமாயிருந்தது. அதை அறம் என்றும் சொல்லலாம். நட்டஈடு கொடுப்பதினும் மலிவான வழி என்றும் சொல்லலாம்.

ஆயின், துடைத்தலும் தைத்தலும் அல்லாத ஒரு பணியும் தொடக்கத்திலேயே பெண்ணிடம் வந்து சேர்ந்தது. அது கடவைக் காவல். தெருவும் இரும்புப்பாதையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திலே ஒரு சிறு வீடு. அதன் முன்னே படலை. வண்டி வருமுன் அதைச் சாத்தி, போனபின் திறக்க ஓர் ஆள். பிரான்சு நாட்டிலே இவ்வேலை பெரும்பாலும் பெண்ணின் வேலையாகவே இருந்தது. கணவன் தண்டவாளம் பேணும் தொழிலாளி, மனைவி படலைக்காரி. இருவரையும் சேர்த்தே கம்பனி அமர்த்தியது. வீடு வாடகையின்றிக் கிடைத்தது என்ற காரணத்தால் மனைவியின் கூலி மிகச் சொற்பமாயிருந்தது. சமைத்துக்கொண்டும் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டும் செய்யத்தக்க இலகுவான வேலை என்று கணக்கிட்டனர் போலும். நள்ளிரவில் வரும் வண்டிக்கும் அவளே எழுந்து விளக்கேந்தி நிற்கவேண்டும் என்பது அக்கணக்கில் வரவில்லை.

இந்தப் படலைக்காரியைப் பெருங்கதையொன்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் எமில் சோலா. 1890 இல் வெளிவந்த ‘மனித மிருகம்’ என்னும் நாவலை எழுதுமுன் அவர் புகையிரத எந்திரத்திலேயே ஏறிப் பிரயாணஞ் செய்து தொழிலை நேரிற் கண்டவர். பாரிசிலிருந்து லெ ஆவர் செல்லும் பாதையிலே, ஊர் எதுவும் அண்மையில் இல்லாத ஒரு கடவை. அங்கே பாசி என்னும் தாய். அவளுக்கு உடல் தளர்ந்தபின் படலையைக் காக்கும் மகள் புளோர். தாயைக் கணவன் பணத்தாசையால் நஞ்சூட்டிச் சிறிது சிறிதாகக் கொல்கிறான். வாசலைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் வண்டிகளில் விரைகின்றனர். அவர்களுள் ஒருவரும் அவ்வீட்டில் நடப்பதை அறியார். உலகம் முழுவதும் வாசலாற் போய்க்கொண்டிருக்க, தான் மட்டும் காட்டிலே தனித்துச் சாவது எத்தகைய கொடுமை என்பதைச் சோலா அப்பெண்ணின் நினைவாகவே காட்டுகிறார். கடவை வாழ்வின் உண்மை இதனினும் கூர்மையாகச் சொல்லப்பட்டதில்லை எனலாம்.

ஆயினும் கதை அவ்வளவில் நிற்கவில்லை. புளோர் ஆண்களினும் வலிமையுடையவள்; எந்திர சாரதி ஒருவனைக் காதலிக்கிறாள்; அவன் வேறொருத்தியை நாடுவது கண்டு, கல் ஏற்றிய குதிரை வண்டியொன்றைத் தண்டவாளத்தின் குறுக்கே இழுத்து நிறுத்தி, அவர்கள் வந்த வண்டியைக் கவிழ்த்துப் பலரைக் கொல்கிறாள். அவள் கொல்ல நினைத்த இருவரோ பிழைத்துக்கொள்கின்றனர். பின்பு தானும் சுரங்க வழியிலே எதிர்வந்த எந்திரத்தை நோக்கி நடந்து மடிகிறாள். வண்டிகளைக் காப்பதே தொழிலாகக் கொண்டவளை, வண்டியைக் கவிழ்ப்பவளாக்கியது நாவலாசிரியரின் துணிவு. ஆனால் அதன் விளைவு யாதெனின், பல்லாயிரம் முறை படலையைச் சரியாகச் சாத்திய பெண் மறக்கப்படுகிறாள். ஒருமுறை தவறாகப் பயன்படுத்திய பெண் நினைவில் நிற்கிறாள்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்விடத்தே ஒரு நினைவு எழுதல் இயல்பு. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றவன் வரும்வரை ஆற்றியிருப்பது தலைவியின் ஒழுக்கம். புகையிரதக் கம்பனிகள் இலக்கணம் படித்தவை அல்ல. எனினும் பெண்ணுக்கு அவை கொடுத்த உத்தியோகம் இந்த இருத்தலேயாம். வண்டி வரும்வரை இரு, வந்தால் வழிவிடு, போனபின் அடுத்ததற்குக் காத்திரு. வண்டியில் ஏறிச் செல்வதும், அதைச் செலுத்துவதும் ஆணின் தொழில். பெண் இரும்புப்பாதையின் ஓரத்தவளே ஆனாள்.

ஓரத்திலிருந்தபடியே வண்டிகளின் போக்கைத் தன் விரலால் நடத்திய பெண்களும் இருந்தனர். அவர்களே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புகையிரதத் தந்தியாளர். பென்சில்வேனியாவிலே எலிசபெத் கொக்லி என்பவர் 1850களிலேயே இப்பணியில் அமர்ந்தார். நூற்றாண்டின் இறுதிக்குள் மேற்குப் பகுதிகளின் சிறு நிலையங்கள் பலவற்றில் தந்திச் சாவியின் முன்னே பெண் இருப்பது வியப்புக்குரிய காட்சியாக இருக்கவில்லை. 1886 இல் தோன்றிய புகையிரதத் தந்தியாளர் தொழிற்சங்கமும் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அவர்கள் செய்த வேலை யாது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதை அறியாதவர்க்கு இக்கதைகளின் பொருளும் விளங்காது. அந்நாட்டின் பாதைகளிற் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகளுள் ஒன்று, இடையிலுள்ள ஒரு நிலையத்திற் கிளைப்பாதையில் ஒதுங்கி நின்றாலன்றி மற்றது செல்ல முடியாது. எது எங்கே ஒதுங்குவது என்பது கால அட்டவணையிற் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு வண்டி பிந்திவிட்டால் அட்டவணை பயன்படாது. அப்போது தலைமையிடத்திலுள்ள கட்டுப்பாட்டாளர் புதிய கட்டளையொன்றைத் தந்தியில் அனுப்புவார். இரு வண்டிகளுக்கும் முன்னுள்ள நிலையங்களின் தந்தியாளர் இருவரும் அதனை ஒரே வேளையிற் காதாற் கேட்டு, மெல்லிய தாள்களின் இடையே காபன் தாள் வைத்துப் பல பிரதிகளாக எழுதுவர். எழுதியதைச் சொற்சொல்லாகத் திருப்பி அனுப்புவர். பிழையில்லை என்று கண்ட பின்னரே கட்டுப்பாட்டாளர் நேரங் குறித்து அதனை உறுதிசெய்வார். அதுவரையும் கைகாட்டி ‘நில்’ என்ற நிலையில் இருத்தல் வேண்டும்.

கட்டளைகளில் இருவகை உண்டு. ஒன்று, வண்டியை நிறுத்தி, ஒப்பமிட்டுப் பெறவேண்டியது. மற்றது, ஓடும் வண்டிக்கே கொடுக்கத்தக்கது. பின்னதைக் கொடுப்பதற்கு நீண்ட பிடியுடைய பிரம்பு வளையமொன்று உண்டு. தாளை அதிற் செருகிக்கொண்டு, தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்று, தந்தியாள் அதனை உயர்த்திப் பிடிக்கவேண்டும். எந்திரத்திலிருப்பவர் கையை வளையத்துட் கோத்து அதனைப் பறித்துக்கொண்டு, தாளை எடுத்தபின் வளையத்தை எறிந்துவிடுவார். இரண்டாவது வளையம் வண்டியின் கடைசிப் பெட்டியிலுள்ள கார்டுக்கு. இரவோ, மழையோ, பனியோ, முகத்தெதிரே விளக்கொளி கண்ணைக் கூசச் செய்ய, நூற்றுக்கணக்கான தொன் இரும்பு ஓர் எட்டு அப்பால் இரைந்து போகும்போது நீண்ட பாவாடையுடன் நின்ற பெண்ணை நினைத்துப் பார்த்தல் வேண்டும். வண்டி போனபின் விளக்கை எடுத்துக்கொண்டு, எறியப்பட்ட வளையங்களைத் தேடிப் பாதை வழியே நடப்பதும் அவள் வேலையே.

ஓர் ஊர்ப் பெயரை மாற்றிக் கேட்டாலும், ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும், கைகாட்டியை ‘நில்’ என்ற நிலையில் வைக்க மறந்தாலும் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதும். பிழை செய்தவர் அதனைத் தந்தியிலேயே முதலிற் கேட்பார். இத்தகைய பொறுப்பைப் பெண் தனித்திருந்து சுமந்தாள். வேலை நேரமோ 12 மணி. 1907 இல் இயற்றப்பட்ட சட்டமே, இரவும் பகலும் திறந்திருக்கும் நிலையங்களில் தந்தியாளரின் வேலையை நாளுக்கு 9 மணியாகவும், பகலில் மட்டும் திறந்திருப்பவற்றில் 13 மணியாகவும் வரையறுத்தது.

தந்திக்கு மற்றொரு விசித்திர இயல்பும் உண்டு. கம்பியின் வழியே குரல் வருவதில்லை, முகம் தெரிவதில்லை. அனுப்புபவரின் கைவாகு ஒன்றே அடையாளம். பெண்ணின் கையைத் தொடுகையிலேயே கண்டுகொள்ளலாம் எனப் பெருமை பேசிய ஆண்களும் இருந்தனர். ஆனால் கையெழுத்தைப் பார்த்து எழுதியவர் ஆணோ பெண்ணோ எனச் சொல்வது எவ்வளவு உறுதியோ அவ்வளவே இதுவும். மனிதர் எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் அனுப்புகிறார் என்பதே கம்பியிற் கணக்கு. ஆணும் பெண்ணும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்ட தொழில்கள் அந்நூற்றாண்டிலே மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

இத்தொழிலைத் திரைப்படம் உடனே பற்றிக்கொண்டது. 1911 இல் கிரிபித் என்னும் இயக்குநர் ‘லோண்டேல் ஒப்பரேற்றர்’ என்ற மௌனப் படத்தை ஆக்கினார். தந்தையார் நோயுற, மகள் அவரிடத்தில் இருந்து தந்தி வேலையைச் செய்கிறாள். கூலிப் பணம் அடங்கிய பை வண்டியில் வருகிறது. அதை நாடி இரு கள்வர் வருகின்றனர். அவள் கதவைப் பூட்டி உதவி கேட்டுத் தந்தி அடிக்கிறாள். காதலனாகிய எந்திர சாரதி விரைந்து வரும்வரை, நிக்கல் பூசிய திருகுச்சாவி ஒன்றை இருளிலே துப்பாக்கி போல நீட்டி அவர்களை நிறுத்தி வைக்கிறாள். பின்பு 1914 முதல் 1917 வரை ‘எலனின் ஆபத்துக்கள்’ என்னும் தொடர் 119 பகுதிகளாக வெளிவந்தது. அதன் நாயகியும் தந்தியாளே. ஓடும் வண்டியிற் பாய்வதும், கட்டிழந்த எந்திரத்தைத் துரத்திப் பிடிப்பதும் அவளுக்கு வாரந்தோறும் நிகழும் செயல்கள்.

இப்படங்களை வெறுங் களியாட்டமென்று ஒதுக்குதல் பொருந்தாது. பெண்ணொருத்தி தொழிற்றிறனால் ஆபத்தை வெல்லுதலை இலட்சக்கணக்கானோர்க்கு அவை காட்டின. லோண்டேல் பெண் பிழைத்தது அழுகையால் அன்று. தந்தி அடிக்கத் தெரிந்ததாலேயே. ஆனால் அவள் அந்த நாற்காலியில் இருப்பது தந்தை நோயுற்றதால் மட்டுமே என்பதும் கவனிக்கத்தக்கது. அவளுக்குச் சம்பளம் உண்டா என்று படம் சொல்வதில்லை. அவளுடைய தந்தி ஒலிக்கும்போது அடுத்த நிலையத்துத் தந்தியாளர் உறங்கிக்கொண்டிருக்கிறார்; பார்ப்போர் நெஞ்சு பதைப்பதற்காக வைத்த காட்சி அது. 12 மணி நேர வேலையை அறிந்தவர்க்கு, அப்படத்திலே வாழ்க்கைக்கு மிக அண்மையில் நிற்பவர் அந்த உறங்கும் மனிதரே.

கதையும் வாழ்வும் ஒருத்தியிடத்தே சந்தித்த வரலாறும் உண்டு. ஐயோவா மாநிலத்து மொயிங்கோனா என்னும் சிற்றூருக்கு அருகே வாழ்ந்தவர் கேற் ஷெல்லி. தந்தை புகையிரதப் பாதைத் தொழிலாளரின் மேற்பார்வையாளராக இருந்து இறந்தவர். 1881 யூலை 6 ஆம் நாள் இரவு பெரும்புயலிலே, பாதையைப் பார்வையிட வந்த எந்திரமொன்று, பாலம் உடைந்து ஓடையில் வீழ்ந்தது. நள்ளிரவு விரைவு வண்டி அவ்வழியே வரவிருந்தது. பதினைந்து வயது மதிக்கத்தக்க அப்பெண், விளக்கு அணைந்துபோக, டிமொயின் ஆற்றின் நீண்ட பாலத்தைக் கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து கடந்து, நிலையத்தை அடைந்து செய்தி சொன்னாள். விரைவு வண்டி நிறுத்தப்பட்டது. வீழ்ந்த எந்திரத்திலிருந்தோருள் இருவரும் மீட்கப்பட்டனர். மாநில அரசு பொற்பதக்கம் வழங்கியது. கவிதைகளும் கட்டுரைகளும் எழுந்தன. பள்ளிப் பிள்ளைகள் அவள் கதையைப் படித்தனர்.

அக்கதைகள் அன்றிரவோடு முடிந்துவிடுகின்றன. வாழ்வோ பின்னும் முப்பது ஆண்டு சென்றது. தாயையும் உடன்பிறந்தோரையும் தாங்கவேண்டிய நிலையிலே அவர் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார்; வேறு பணிகளும் செய்தார். பதக்கத்தைக் கொண்டு அடுப்பெரிக்க முடியாதன்றோ! 1903 இல், அதாவது அந்த இரவுக்கு 22 ஆண்டுகளின் பின், மொயிங்கோனா நிலையத்தின் பொறுப்பதிகாரியாகப் புகையிரதக் கம்பனி அவரை நியமித்தது. பயணச்சீட்டு விற்பதும், பொதிகளைப் பதிவதும், கணக்கெழுதுவதுமாக அப்பணியை ஏறக்குறைய இறுதிவரை செய்து, 1912 சனவரியில் அவர் காலமானார். ஒரு கம்பனியின் வண்டியைக் காத்த பெண்ணுக்கு அக்கம்பனியிலே வேலை கிடைக்க 22 ஆண்டு சென்றது என்ற செய்தியைப் பாட்டாகப் பாடியவர் அரியர்.

தந்திப் பெண்ணின் வாழ்வைத் தாமே எழுதியவர் ‘மா கைலி’ என்று அறியப்பட்ட மற்றி பிரைற். பிள்ளையைத் தனியே வளர்க்கவேண்டிய நிலையிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தொழில் பழகினார். ரெக்சாசிலும் மெக்சிக்கோவிலும் பிறவிடங்களிலுமாக நிலையம் நிலையமாக மாறி நாற்பதாண்டளவு உழைத்தார். 1950 இல் அமெரிக்கப் புகையிரதச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த அவருடைய சுயசரிதையின் பெயர் ‘பூச்சியும் நானும்’. பூச்சி என்றது விரலைப் பக்கவாட்டில் அசைத்தால் புள்ளிகளைத் தானே தொடர்ந்து அடிக்கும் புதுவகைத் தந்திச் சாவியை. பழைய சாவியை ஆண்டுக்கணக்காக மேலும் கீழும் அழுத்தியவர்களின் கை மரத்துப்போகும்; தந்தியாளர் அந்நோயைக் கண்ணாடிக் கை என்பர். அத்தகைய கைக்கு மீட்சியாக வந்த கருவியின் பெயரையே ஒரு பெண் தன் வாழ்க்கை வரலாற்றின் தலைப்பில் தனக்கு முன்னே வைத்தாள். காதலன் பெயரை அங்கே வைக்கவில்லை. எலனின் 119 பகுதிகளிலும் காணாத செய்தி இத்தலைப்பு ஒன்றிலே உண்டு.

கதைகள் தேடிப்பிடித்த பெண் எங்கும் தனித்திருப்பவள் என்பது இதுவரை கூறியவற்றாற் புலனாகும். கடவையில் ஒருத்தி, தந்தியறையில் ஒருத்தி. கூட்டமாக வேலை செய்த பெண்களைக் கதை நெடுங்காலம் காணவில்லை. பிரித்தானியப் புகையிரதங்களில் 1914 இல் ஏறக்குறைய 13,000 ஆக இருந்த பெண்களின் தொகை, முதலாம் உலகப் போரின் முடிவில் 65,000 க்கு மேற்பட்டது. 1915 யூன் மாதத்தில் இலண்டன் நகரின் நிலக்கீழ்ப் பாதையிலே மெய்டா வேல் என்னும் நிலையம் திறக்கப்பட்டபோது, பணியாளர் அனைவரும் பெண்களாகவே இருந்தனர். புகையிரதத் தொழிலாளரின் தேசிய சங்கம் அதே ஆண்டிற் பெண்களுக்குக் கதவு திறந்தது. போர் முடிந்தது, ஆண்கள் மீண்டனர், பெண்களுட் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. இம்முறை தொகை 100,000 ஐயும் கடந்தது. சுமை தூக்கினர், கைகாட்டி அறைகளில் நெம்புகோல் இழுத்தனர், தண்டவாளம் செப்பனிட்டனர், தொழிற்சாலைகளிற் கொதிகலன்களிடையே நின்றனர். இவர்களைப் பற்றி மெய்சி தோமஸ் என்பார் எழுதிய வெகுசன நாவல் தொடர் மான்செஸ்ரர் நகரைக் களமாகக் கொண்டு வெளிவரத் தொடங்கியது 2020 இலேதான். அங்கே நாயகி ஒருத்தி அல்லள்; வெவ்வேறு வயதும் குடும்பநிலையும் உடைய பெண்களின் ஒரு குழு.

இத்தனை பணிகளைச் செய்தும், இரு போர்களிலும் பிரித்தானியப் பெண்ணொருத்தி எந்திரத்தை ஓட்டும் தொழிலுக்கு எடுக்கப்படவில்லை. நிலக்கரி அள்ளிப்போட உடல்வலி போதாது. இரவிலே ஊர்விட்டு ஊர் தங்குவது ஒழுங்கன்று. ஆண்களோடு ஒரே எந்திரத்தில் நிற்பது தகாது என்பன கூறப்பட்ட காரணங்கள். முதற்காரணத்துக்கு ஒருவகை நியாயம் உண்டெனக் கொள்ளலாம்; ஆயினும் சாரதி ஆவதற்கு முன் பல்லாண்டு கரி அள்ள வேண்டும் என்ற வழக்கமே அதனை ஒரு தடையாக்கியது என்பதையும் நினைத்தல் வேண்டும். மற்றவை ஆராய நில்லா. பிரான்சுப் படலைக்காரி எத்தனை இரவு விழித்தாள்? அமெரிக்கத் தந்தியாள் ஊருக்குப் புறம்பே எத்தனை இரவு தனித்திருந்தாள்? அப்போது இரவின் தீங்கை ஒருவரும் எடுத்துரைக்கவில்லை. இரவு பெண்ணுக்கு ஆகாது என்ற நியாயம், ஊதியமும் மதிப்பும் உயர்ந்த பணி வரும்போது மட்டுமே மேலோர்க்கு நினைவு வந்தது. சோவியத் நாட்டிலே சினைடா திரோயிற்ஸ்காயா 1930களில், அதுவும் நீராவி எந்திரத்தை, ஓட்டிக்காட்டியது அவர்கள் செவிக்கு எட்டவில்லை போலும்.

பிரித்தானியாவில் 1975 இல் இயற்றப்பட்ட பால்வேறுபாட்டுத் தடைச் சட்டத்தின் பின்னரே கார்ட் பணியும் சாரதிப் பணியும் பெண்களுக்குத் திறந்தன. அவ்வாறு 1970களின் பிற்பகுதியிற் கார்டாகச் சேர்ந்த முதற்பெண்களுள் ஒருவராகிய எலினா வொய்சாக், தமக்கு முன் அத்தொழிலில் யார் யார் இருந்தனர் என்று தேடப் புகுந்தார். அச்சிட்ட புகையிரத வரலாறுகளிற் பெண்களைப் பற்றி மிகச் சிறிதே கிடைத்தது. பழைய ஏடுகளையும் தொழிற்சங்கப் பதிவுகளையும் ஆராய்ந்தும், முதிய பணியாளரைக் கேட்டும் அவர் திரட்டிய பெருநூல் 2005 இல் வெளிவந்தது. பிரித்தானியப் பெண்களைப் பற்றி மேலே கூறியவற்றுட் பலவற்றை இன்று ஒருவர் அறியக்கூடியதாக இருப்பது, வண்டியின் கடைசிப் பெட்டியில் வேலை செய்த ஒரு பெண்ணின் உழைப்பாலேயாம்.

இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ், 1989 இல் உதவிச் சாரதியாகப் புகையிரத எந்திரத்தில் ஏறினார். அந்நாட்டின் முதற் பெண் சாரதி அவரே. பொதி வண்டிகளிலும், மும்பாயின் புறநகர் வண்டிகளிலும், மலைச்சரிவுப் பாதைகளிலும் பணியாற்றி, 2023 மார்ச்சில் ‘வந்தே பாரத்’ விரைவு வண்டியைச் சோலாப்பூரிலிருந்து மும்பாய்க்கு ஓட்டிச் சென்றார். முப்பத்தாறு ஆண்டுச் சேவையின் பின் 2025 செப்டெம்பரில் அவர் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிச் செய்திகள் பல வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அவர் முதன்முதல் எந்திரத்தில் ஏறிய நாளைப் பற்றியவை.